சம்பந்தி வீட்டு வைத்தியம்

தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம். காலையில் குளிக்கப் போனபோது உள்பாவாடையில் ஒரு கறை இருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் பீளமேட்டில் ஒரு மில்லில் இருபத்தாறு வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். தறியிலிருந்து வரும் துணியை வெளிச்சத்தில் ஓடவிட்டு, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, துருக்கறை என்று குறை கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போடும் வேலை. எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு என் பாவாடையைப் பார்த்துவிட்டு, குளியலறைக் கம்பியின் துரு பட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். துரு பச்சைத் தண்ணீரில் போகாது. அது போனது. போவதைப் பார்த்துக்கொண்டேதான் அலசினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பலர்மேல் கோபப்படப் போகிறேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் உள்ளே பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் பட்டது. அதோடு தண்ணீர் போல ஒரு கசிவு. அதில் ஒரு வாடை. மீன் கழுவிய தண்ணீரை மறுநாள் வரை வைத்திருந்தால் வருமே, அந்த மாதிரி. இனிமேல் துரு என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துடியலூரில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். வாய் பேசாத மனிதர். அன்றைக்கு மட்டும் உடனே பதில் சொன்னார்.

"சம்பந்தியம்மா இருக்கறப்ப நாம எதுக்குக் கவலைப்படோணும்? ஞாயித்துக்கெழமை உடுமலைக்குப் போயிட்டு வந்தர்லாம்."

என் ஒரே மகள் கவிதாவைக் கட்டிக்கொடுத்து அப்போது மூன்று வருடம். அவளும் மருமகனும் பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மருமகனின் தாயார், அதாவது என் சம்பந்தியம்மா, உடுமலைப்பேட்டையில் முப்பது வருடமாகப் பெண்கள் மருத்துவர். கீழ்த்தளம் முழுவதும் அவருடைய ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்வோம். அப்படி ஒருவர் குடும்பத்தில் இருக்கும்போது வேறொரு டாக்டரிடம் போனால் அது அவரை அவமானப்படுத்துவது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஆப்பிள், மாதுளை, இரண்டு கிலோ மைசூர்பாகு. பொள்ளாச்சி வழியாக இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது முழுவதும் இடுப்பு வலித்தது.

போனதும் இலை போட்டார்கள். பருப்பும் நெய்யும், கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், பாயசம். நான் நோயாளியாக வந்திருக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாப்பிட்டு முடியும் வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு ஹாலில் சோபாவில் உட்கார்ந்தோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் சம்பந்தியும் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னமோ படுதுன்னு கவிதா சொல்லுச்சுங்க?"

"ஆமாங்க. லேசாத்தானுங்க."

"வயசானா உள்ள வறண்டு போயிருமுங்க. அதுல புண்ணாகி அப்பப்பப் படும். எல்லாத்துக்கும் வர்றதுதான். வேணுமுன்னா கீழ போயி ஒருக்காப் பாத்தர்லாமுங்க…"

"அதெல்லாம் எதுக்குங்க" என்றேன்.

"சங்கடமா இருந்தா வேண்டாமுங்க. க்ரீம் எழுதித் தாரேன், ராத்திரியில போட்டுக்குங்க."

அவ்வளவுதான். பாயசம் வேண்டாம் என்று சொன்னபோது மூன்று தடவை வற்புறுத்தி ஊற்றியவர், பரிசோதனைக்கு ஒரே ஒரு தடவை கேட்டார். நானும் பாயசத்தை மறுக்கிற அதே குரலில் மறுத்தேன். கீழே பரிசோதனை அறைக்கு இருபத்திரண்டு படிகள். அவர் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. இறங்காமல் விட்டதற்காக மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். சம்பந்தியம்மா முன்னால் சேலையைத் தூக்காமல் தப்பித்தோம் என்று அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவர் சொன்னது பொய் அல்ல. வயதான பெண்களுக்கு யோனிப்பாதை வறண்டு மெலிவதால் ரத்தம் படுவது உண்டு. ஆனால் அது, மற்றது எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு சொல்ல வேண்டிய காரணம். அவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

க்ரீம் போட்டேன். இரண்டு மாதம் ரத்தம் படவில்லை. சம்பந்தியம்மா கைராசி என்று ஊரெல்லாம் சொன்னேன். எனக்கு இருந்த நோயில் ரத்தம் தானாகவே வரும், தானாகவே நிற்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நின்றதற்கும் க்ரீமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த இடைவெளியில் எங்கள் வீதிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வீடு வீடாகக் கூப்பிட்டார். கருப்பைவாய் என்பது கருப்பையின் கீழ்முனை, யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. என் வாசலுக்கும் வந்து, "நீங்களும் வாங்கம்மா" என்றார்.

"எனக்கெல்லாம் நின்னு பன்னெண்டு வருசமாச்சுங்க. அதுமில்லாம எங்க சம்பந்தியே டாக்டருங்க."

"நின்னவங்களும் வரோணுமுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் அடுத்த வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டு மருமகளைப் போகச் சொல்லி அனுப்பிவைத்தவளே நான்தான். அவளுடைய குழந்தையையும் பார்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் வயதான பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றால் அந்த உறுப்பே ஓய்வு பெற்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளை பெற்று முடித்தாயிற்று, வீட்டுக்காரரோடு படுப்பதும் நின்றாயிற்று, இனி அங்கே என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் (மனித பாப்பிலோமா வைரஸ், உடலுறவின் வழியே தொற்றுவது) இளவயதில் ஒட்டிக்கொண்டு, பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, அதன் பிறகு வேலையைக் காட்டக்கூடியது. நீங்கள் ஓய்வு பெற்றது அதற்குத் தெரியாது. அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று தேடிக் குடும்பத்தில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் யாருக்கு என்ன லாபம்?

சித்திரையில் மறுபடியும் ரத்தம். இந்தத் தடவை நாப்கின் வைக்க வேண்டிய அளவுக்கு. மறுபடியும் உடுமலை, மறுபடியும் பழக்கூடை, மறுபடியும் இலை. சம்பந்தியம்மா முகத்தில் லேசான கவலை தெரிந்தது. "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தர்லாமுங்க" என்றார். கீழே ஸ்கேன் எடுக்கும் பெண், வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்த்தாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும், வேறு எதையும் விலக்க வேண்டியதில்லை. கருப்பை வயதுக்கேற்பச் சுருங்கியிருக்கிறது, வேறு குறையில்லை என்று அறிக்கை வந்தது. எல்லோரும் சிரித்தோம். மாம்பழம் அறுத்துக் கொடுத்தார்கள்.

வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனில் கருப்பைவாயில் இருக்கும் புண் தெரியாமல் போகலாம். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு ஸ்கேன் அறை வாசலிலும் ஒட்டினால் தேவலை. ஸ்கேன் நார்மல் என்றால் ஸ்கேன் பார்த்த இடம் நார்மல். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு வாடை அதிகமானது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். பவுடர் டப்பா பத்து நாளில் தீர்ந்தது. கவிதா வீட்டுக்குப் போனால் அவளுடைய சோபாவில் உட்காராமல் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். முட்டி வலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் தூரம் ஆனவளைப் போல் சாமி அறை வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். எவ்வளவு முட்டாள்தனம். உள்ளே அழுகிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்காமல், சாமிக்குத் தீட்டு ஆகுமா என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

வேறு டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தடவை கவிதாவிடம் கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "அத்தைக்குத் தெரிஞ்சா என்னம்மா நெனைப்பாங்க? ஸ்கேனுதான் நார்மல்னு வந்துருச்சே" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் வாழ்கிறவள் அவள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியவள் ஜமீலா. மில்லில் என் பக்கத்து மேசையில் செக்கிங் பார்த்தவள். கோட்டைமேட்டுக்காரி. மரியாதை என்ற சொல்லுக்கும் அவளுக்கும் வெகுதூரம். மில் மூடிய பிறகும் மாதம் ஒரு தடவையாவது போனில் என்னைத் திட்டுவாள். அவளுக்கு அடி இறங்கி (கருப்பை தன் இடத்திலிருந்து கீழே சரிந்து) ரொம்ப நாளாகத் தொந்தரவு. ஆடி மாதத்தில் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். போனேன்.

பெண்கள் பிரிவின் நடையில் நீளமான சிமெண்ட் பெஞ்சு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜமீலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. ஜமீலா அதைப் பார்த்தாள். என் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பெஞ்சில் ஊற்றி, தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"எத்தனை நாளா?"

"தையிலிருந்து."

"யாரு பாத்தாங்க?"

"சம்பந்தியம்மா."

"பாத்தாங்களா, பேசுனாங்களா?"

அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் டாக்டரின் முன்னால் நிறுத்தினாள். "எனக்கு அப்பறம் பாருங்கம்மா. எனக்கு எறங்குனது எங்கியும் ஓடிப் போயிராது. மொதல்ல இவளைப் பாருங்க."

டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். தூக்கம் பற்றாத கண்கள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "மேல ஏறிப் படுங்க பாட்டி. காலை மடக்கி அகட்டுங்க" என்றார். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. யாரோ உள்ளே வந்து போனார்கள். பாட்டி என்று கூப்பிட்டது சுருக்கென்று இருந்தது. உடுமலையில் எனக்கு இலை போட்டுப் பரிமாறிய மரியாதையில் நூறில் ஒரு பங்குகூட அங்கே இல்லை.

ஸ்பெகுலம் (யோனிப்பாதையை விரித்து உள்ளே பார்க்க உதவும் கருவி) வைத்தார். வலித்தது. விளக்கைத் திருப்பிக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"இதுக்கு முன்னாடி யாருமே உள்ள பாக்கலையா?"

"ஸ்கேன் எடுத்தாங்க."

"ஸ்கேன் இல்ல பாட்டி. இந்த மாதிரி லைட் போட்டு, கண்ணால."

"இல்லீங்க."

அவர் கையுறையைக் கழற்றி என் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு, பயாப்சி (சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தல்) எடுக்க வேண்டும் என்றார். ஏழு மாதமாக யாரும் கண்டுபிடிக்காதது அந்த ஒரு நிமிடத்தில் கண்ணில் பட்டது. அதற்குப் பெரிய கருவி வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். ஒருத்தி படுக்க வேண்டும், ஒருத்தி பார்க்க வேண்டும்.

பத்து நாளில் முடிவு வந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (கருப்பைவாயின் மேற்புறச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்). எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு நிலை இரண்டு-பி என்றார்கள். அதாவது, கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவிவிட்டது, ஆனால் இடுப்புச் சுவரை எட்டவில்லை. அறுவைச் சிகிச்சை பொருந்தாது, கதிர்வீச்சும் கீமோவும்தான் வழி என்று புற்றுநோய் மருத்துவர் விளக்கினார். நல்ல மனிதர். எதையும் மூடி மறைக்கவில்லை.

"தை மாசமே வந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"அப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு இப்ப சொல்ல முடியாதுங்கம்மா. சின்னதா இருந்திருக்கலாம். உறுதியாச் சொன்னா அது பொய்யாயிரும்."

அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று அன்றே புரிந்துகொண்டேன். அதற்காக நான் அதைக் கேட்பதை நிறுத்தவில்லை.

அன்று மாலை வீட்டில் பேச்சு. என் வீட்டுக்காரர், கவிதா, மருமகன், நான். எனக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது என்று தெரிந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. பேசியதெல்லாம் சம்பந்தியம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி.

"அவங்க பாத்தும் தெரியலைன்னு வெளிய பேச்சு வந்துருமே" என்றார் என் வீட்டுக்காரர். "முப்பது வருசமாப் பேரு எடுத்தவங்க. நாம பாத்துப் பேசோணும்."

"அவங்க எங்கீங்க பாத்தாங்க?" என்று கேட்டேன்.

கவிதா அழுதாள். "அத்தை வேணும்னு செய்யலைம்மா."

வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாதா? வேண்டுமென்று யாராவது செய்திருந்தால் கோபத்துக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பண்பானவர்கள், நான் மட்டும் உள்ளே அழுகிக்கொண்டிருந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் திடீரென்று கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடுவது என முடிவானது. நானும் சரி என்றேன். மகளின் வாழ்க்கை என்று வரும்போது என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. இடுப்பில் மையால் புள்ளி வைத்து, சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச்சொல்வார்கள். படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். வலி தெரியாது. மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின் (கதிர்வீச்சின் வேலையைக் கூட்டித் தரும் கீமோ மருந்து). அன்றைக்கும் மறுநாளும் தண்ணீர்கூடத் தங்காது. சாதம் வேகும் வாசனை வந்தாலே வாந்தி வரும். என் வீட்டுக்காரர் பட்டறையை மூடிவிட்டுப் புழக்கடையில் அடுப்பு வைத்துச் சமைத்தார். அந்த ஒன்றுக்காக, என் முகத்தைப் பார்க்காத அவருடைய அந்த ஒரு வாரத்தை மன்னித்துவிட்டேன்.

பிறகு பிரேக்கிதெரபி (கதிர்வீச்சுக் குழாயைக் கருப்பைக்குள்ளேயே வைத்து மிக அருகிலிருந்து தரும் சிகிச்சை). நான்கு தடவை. மயக்க மருந்து கொடுத்துத்தான் வைப்பார்கள், ஆனாலும் வைத்த பிறகு அசையாமல் கிடப்பது கொடுமை. சம்பந்தியம்மா முன்னால் கால் அகட்ட வெட்கப்பட்ட நான், அந்த அறையில் எத்தனை பேர் முன்னால் அப்படிக் கிடந்தேன் என்று எண்ணவில்லை.

ஒவ்வொரு வாரமும் சம்பந்தியம்மா போன் செய்வார். "எப்படி இருக்கறீங்க சம்பந்தியம்மா?" என்பார். "உங்க தயவுல நல்லா இருக்கறனுங்க" என்பேன். போனை வைத்ததும் வாந்தி எடுப்பேன். அது கீமோவால் மட்டும் வந்த வாந்தி என்று நான் நம்பவில்லை.

சிகிச்சை முடிந்த நாளில் இன்னொன்று நடந்தது. எனக்கு அடுத்த படுக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. நர்ஸ் அவளிடம் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, யோனிப்பாதை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாரத்துக்குச் சில தடவை அதை உள்ளே வைத்து எடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்னைத் தாண்டிப் போனார்.

"எனக்கு அது இல்லீங்களா?"

"உங்களுக்கு எதுக்கும்மா, இந்த வயசுல…" என்று நர்ஸ் தயங்கினார்.

அவள் குடும்பம் நடத்த வேண்டியவள், நான் நடத்தி முடித்தவள். அதுதான் கணக்கு. மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பாதை ஒட்டிக்கொண்டால் பிறகு உள்ளே பார்த்துச் சோதிக்க முடியாமல் போகும், அதற்காகவும் அது தேவை என்றார். அப்போதே அங்கேயே நர்ஸைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார். கேட்டிருக்காவிட்டால் கிடைத்திருக்காது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். வயதானவள் என்பதற்காக எதையாவது உங்களுக்குச் சொல்லாமல் தாண்டிப் போனால், கூப்பிட்டுக் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மார்கழியில் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு குலை இளநீர் கொண்டுவந்திருந்தார். என் வீட்டுக்காரர் அதை வெட்டப் பின்பக்கம் போனார். ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என் தலையில் முடி கொஞ்சம் கொட்டி மெலிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து, "நல்லாத் தேறிட்டீங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சம்பந்தியம்மா, நீங்க என்னையக் கீழ கூட்டீட்டுப் போயிப் பாத்திருக்கோணுமுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். சாக்கு ஏதாவது சொல்வார், திருப்பிச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றார். "தெனமும் எனக்கு அதே நெனப்புத்தானுங்க. உங்களைய அந்த மேசையில ஏறச்சொல்ல வாய் வரலைங்க. பொண்ணு குடுத்தவங்க."

"வேற டாக்டருகிட்ட அனுப்பிச்சிருக்கலாமுங்களே."

"அனுப்பிச்சா, தட்டிக் கழிச்சுப்போட்டாங்கன்னு நீங்க வருத்தப்படுவீங்களோன்னு நெனச்சேனுங்க."

தப்பை ஒப்புக்கொண்டவரிடம் அதற்குமேல் கோபப்படக் கூடாது என்று எங்கேயும் எழுதாத ஒரு சட்டம் இருக்கிறது. எனக்குக் கோபம் குறையவில்லை. நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக என் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. சண்டைக்காகத்தான் கேட்டேன், அக்கறையால் அல்ல.

"நீங்க உங்களுக்கு இந்த டெஸ்ட்டு எடுத்துப் பாத்திருக்கறீங்களா?"

"எனக்குங்களா?" என்றார். அவருக்கு வயது அறுபது.

"ஒருக்காக்கூட இல்லீங்களா?"

"யாருகிட்டப் போறதுங்க? எங்க ஊருல இருக்கறது பூராவும் எங்கிட்ட வேலை பழகுன புள்ளைங்க. அதுக முன்னால போயி எப்படிங்க…"

ஆயிரக்கணக்கான பெண்களை அந்த மேசையில் ஏற்றியவர் தான் ஏறவே இல்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. முன்னைவிடக் கோபம்தான் வந்தது. "கோயமுத்தூருக்கு நாள் பூராவும் பஸ்ஸு இருக்குதுங்க. உங்களை யாருன்னே தெரியாத டாக்டருங்க இங்க எத்தனையோ பேரு" என்றேன். என் வீட்டுக்காரர் இளநீரோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலையில் அவருக்குப் போன் செய்கிறேன். நலம் விசாரிப்பதில்லை. "எடுத்தாச்சுங்களா?" என்று மட்டும் கேட்கிறேன். ஒரு வாரம் பிரசவ கேஸ் என்றார். ஒரு வாரம் கல்யாணம். ஒரு வாரம் போனை எடுக்கவே இல்லை. கவிதா வந்து, "அத்தையை இப்படித் தொரத்தாதீங்கம்மா, மருவாதையா இருக்காது" என்றாள். அவளுக்கு முப்பது வயது முடிந்துவிட்டது. "நீ எடுத்துட்டயா கண்ணு?" என்று கேட்டேன். அடுத்த வாரமே போய் எடுத்துவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதத்தை என் கையில் கொடுத்தாள். அன்று அவள் வீட்டுக்குப் போனபோதுதான் அவளோடு அவளுடைய சோபாவில் உட்கார்ந்தேன்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: நோய் தெரியவில்லை என்கிறார்கள். போய்விட்டது என்று இன்னும் சொல்லவில்லை. எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். நீண்ட பஸ் பயணம் முடியாது. இடுப்பில் வைத்த புள்ளிகளில் ஒன்று இன்னும் அழியவில்லை. முன்பெல்லாம் தை, ஆடி, கல்யாண முகூர்த்தம் என்று வருடம் ஓடும். இப்போது மூன்று மாதம், அடுத்த பரிசோதனை, மறுபடியும் மூன்று மாதம். அதற்கு அப்பால் இருக்கும் எதையும் நான் திட்டமிடுவதில்லை. பன்னிரண்டு வருடம் இல்லாத இடமாக நினைத்திருந்த ஒரு உறுப்பை இப்போது தினமும் நினைக்கிறேன். அதன் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். கடைத்தெருவில் அறிந்தவர், அறியாதவர் என்று பார்க்காமல் வயதான பெண்களிடம் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேட்கிறேன். சிலர் என்னைக் கண்டால் வீதி மாறிப் போகிறார்கள்.

நேற்று, திங்கட்கிழமை, பத்தாவது தடவையாகப் போன் செய்தேன். நான் கேட்பதற்கு முன்பே சம்பந்தியம்மா பேசினார்.

"வியாழக்கெழமை வாரேனுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வாரமா எனக்கும் லேசாப் படுதுங்க. நீங்க கூட வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். நாளை மறுநாள் வியாழன். சமாதானமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பரிசோதனை அறை வாசலில் நிற்கப்போகிறேன். உள்ளே விளக்கைப் போட்டுப் பார்த்து முடிக்கும் வரை அங்கிருந்து நகர மாட்டேன்.